வெறுந்தரையும் மூடுகொடியும்



மழை பெய்து ஓய்ந்த பிறகு தோட்டத்துக் கால்வாய்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சில காடுகளிலிருந்து வரும் நீர் தெளிவாக இருக்கும், மெதுவாக வரும், மழை நின்று நெடுநேரம் ஆன பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். வேறு சில காடுகளிலிருந்து வரும் நீரோ செந்நிறமாகக் குழம்பி, பாய்ந்து வந்து, சற்று நேரத்தில் வற்றிவிடும். இரண்டு இடங்களிலும் பெய்த மழை ஒன்றுதான். நிற்கும் மரமும் ஒன்றுதான். வேறுபடுவது தரை மட்டுமே.

இந்த வேறுபாட்டின் பொருளை உணர்ந்துகொள்ள மலாயாவின் தோட்டங்களுக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன. அதற்கான விலையை மண் கொடுத்தது. அந்த மண்ணில் நாள்தோறும் குனிந்து உழைத்த நம் முன்னோரும் கொடுத்தனர். அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் மண் எப்படி நீரைப் பிடித்து வைக்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

மண் என்பது பொடியான கல் மட்டும் அன்று. உதிர்ந்த இலை, பட்ட வேர், செத்த பூச்சி, புழு முதலியவை அழுகி, மட்கி, மண்ணோடு கலந்து கறுப்பாக மாறுகின்றன. இதை மட்கு என்கிறோம். எடையில் பார்த்தால் இது மேல்மண்ணில் மிகச் சிறிய பங்குதான். ஆனால் அது செய்யும் வேலை பெரியது.

அதன் முதல் வேலை, பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்திருப்பது. இரண்டாவது வேலை, பசை போல மண் துகள்களை ஒட்டவைத்துச் சிறுசிறு கட்டிகளாக ஆக்குவது. அந்தக் கட்டிகளுக்கு இடையே பெரிய துளைகள் உண்டாகின்றன. மழைநீர் அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது. கட்டிகளுக்கு உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கின்றன. இறங்கிய நீரில் ஒரு பகுதி அங்கே தங்கி, வெயில் நாள்களில் வேருக்குக் கிடைக்கிறது. மூன்றாவது வேலையைச் செய்வது இன்னும் மட்காத சருகு. அது தரையின்மேல் பாய் போலக் கிடந்து, மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

மழைத்துளிக்கு அடி உண்டா என்று கேட்கலாம். உண்டு. வெறுந்தரையில் விழும் துளி மண் கட்டியை உடைக்கிறது. உடைந்த தூள் துளைகளை அடைத்துக்கொள்கிறது. பிறகு தரை மெழுகிய முற்றம் போல இறுகிவிடுகிறது. அதன்மேல் விழும் மழை உள்ளே போக வழியில்லாமல் சரிவில் ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் கொண்டு ஓடுகிறது. உயர்ந்த ரப்பர் மரம் மேலே குடை பிடித்தால் போதும் என்று எண்ண வேண்டாம். இலைகளில் தேங்கும் நீர் பெருந்துளிகளாகத் திரண்டு, உயரத்திலிருந்து விழுகிறது. கீழே தரை மூடப்படாமல் இருந்தால் அந்த அடியும் பலமாகவே விழும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய மலாயாவுக்குப் போவோம்.

ரப்பர் வருவதற்கு முன்பே இந்நாட்டில் காட்டை அழித்துப் பயிரிடும் தொழில் தொடங்கிவிட்டது. ஜொகூரில் சீனர்கள் காம்பீரும் மிளகும் பயிரிட்டனர். மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் மரவள்ளி பயிரிட்டனர். காம்பீர் இலையைக் காய்ச்சுவதற்கு ஏராளமான விறகு தேவைப்பட்டது. விறகும் தீர்ந்து, மண்ணின் சத்தும் தீர்ந்ததும் அந்த நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். மரவள்ளி நிலமும் சில அறுவடைகளுக்குப் பிறகு அப்படியே விடப்பட்டது. விட்டுப்போன இடங்களில் லாலான் புல் மண்டியது. வெட்டினாலும் எரித்தாலும் தரைக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடியும் முளைக்கும் இந்தப் புல்லைக் கண்டு, பின்னால் வந்த தோட்டக்காரர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் காப்பித் துரைமார். இலங்கையில் 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. அங்கே பழகிய துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர். அவர்களுடன் ஒரு பழக்கமும் வந்தது. மரத்தைத் தவிர வேறு எந்தப் பச்சையும் தரையில் இருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பழக்கம். புல் ஒன்று தலைகாட்டினாலும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; தோட்டம் துடைத்து வைத்தாற்போல இருக்க வேண்டும்.

1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1890களின் பிற்பகுதியில் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். காப்பி விலை வீழ்ந்ததும் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. 1920களின் தொடக்கத்தில் மலாயாவில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ரப்பர் நின்றது. பயிர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், கன்று நட்டார்கள், பிறகு மாதம் தவறாமல் தரையைச் சுரண்டினார்கள்.

அந்தச் சுரண்டும் வேலையைச் செய்தவர்கள் நம்மவர்கள். பால்வெட்டுக்குப் போகாத பெண்கள், வயதானவர்கள், கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர்கள் எனப் பலரும் நிரை பிடித்துப் புல் வெட்டினார்கள். வெளிக்காட்டு வேலைக்குக் கூலி குறைவு. பெண்களுக்கு அதிலும் குறைவு. ஒரு புல் தப்பினாலும் கங்காணியின் ஏச்சைக் கேட்க வேண்டும். கங்காணிக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை, துரைக்கு மேலே சோதனைக்கு வரும் பெரிய துரை. வெறுந்தரைதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று எல்லாரும் நம்பினார்கள். லாலானின் மீதிருந்த அச்சமும், புல் மரத்தின் உணவைத் திருடுகிறது என்ற எண்ணமும் அந்த நம்பிக்கைக்கு உரமாயின.

ஆண்டுக்குச் சுமார் 2,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் நாட்டில், சரிவான நிலத்தைத் துடைத்து வைத்தால் என்ன ஆகும்? காடு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சேர்த்து வைத்த கறுப்பு மேல்மண் சில ஆண்டுகளில் கால்வாய்க்குப் போனது. மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. மேட்டு நிலங்களில் அடியில் இருந்த செங்களிமண்ணும் சரளையும் மேலே வந்தன. வெயிலும் தன் பங்கைச் செய்தது. வெப்ப நாட்டில் மூடப்படாத மண் சூடேறும். அதிலிருக்கும் மட்கு விரைவாகச் சிதைந்துவிடும். புதிய சருகும் சேரவில்லை. பழைய மட்கும் நிற்கவில்லை.

1926ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்குக் கரையில் பெருவெள்ளம் வந்தது. கிளந்தான் மக்கள் அதைச் செந்நீர் வெள்ளம் என்ற பொருள்படும் மலாய்ப் பெயரால் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்த வெள்ளத்துக்குக் காரணம் வழக்கத்துக்கு மீறிய மழை. தோட்டங்களின் மீது மட்டும் பழி போட முடியாது. ஆனால் மழைநீருக்குத் தனியே நிறம் கிடையாது. நீர் சிவந்து ஓடினால் அதில் ஓடுவது மண் என்பதை அந்தப் பெயர் நமக்கு நினைவூட்டுகிறது.

தோட்டங்களும் சும்மா இருக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள், படிமேடு வெட்டினார்கள், ஓடிவரும் மண்ணைப் பிடிக்கக் குழிகள் தோண்டினார்கள். அந்தக் குழிகளைத் தோண்டியவர்களும் நம்மவர்களே. ஒரு கையால் மண்ணை அவிழ்த்துவிட்டு, மறு கையால் அதைப் பிடிக்கும் வேலை அது. குழி நிறைந்ததும் மண்ணை வாரி மறுபடியும் மேட்டில் போட வேண்டும். அடுத்த மழையில் அது மறுபடியும் குழிக்கு வரும்.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. மண்ணை மூடி வளர்க்கும் அவரையினக் கொடிகளைப் பற்றிய ஆய்வு அங்கே வளர்ந்தது. கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, புவேரியா என்பவை அந்தக் கொடிகளின் பெயர்கள். முதல் இரண்டும் தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தவை. இவை தரையைப் பாய் போல மூடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இலையை உதிர்த்து உதிர்த்து மட்கையும் பெருக்கும். ஆயினும் பழைய பழக்கத்தை விட்டுவிடத் துரைமார் பலருக்கு மனம் வரவில்லை.

அவர்கள் மனத்தை மாற்றியதில் பணமுடைக்கும் பெரும் பங்கு உண்டு. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. தோட்டங்கள் செலவைக் குறைத்தன. 1930க்கும் 1932க்கும் இடையே லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். புல் வெட்ட ஆளும் இல்லை. கொடுக்கக் கூலியும் இல்லை. காடுகளில் புல்லும் செடியும் வளர்ந்தன.

அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. புல் வளர்ந்ததால் மரங்கள் செத்துவிடவில்லை. கம்பத்து மலாய்க்காரர்களின் சிறுதோட்டங்கள் முன்பே இப்படித்தான் இருந்தன. செடிகொடி மண்டிய அந்தத் தோட்டங்களைப் பார்த்து, சோம்பேறித்தனம் என்று துரைமார் ஏளனம் செய்ததுண்டு. ஆனால் அங்கே மண் மூடியிருந்தது. மரமும் பால் கொடுத்தது. 1934இல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹெய்ன்ஸ் என்பவர், ரப்பர் தோட்டங்களில் இயற்கையாக வளரும் கீழ்ச்செடிகளின் பயனைப் பற்றியும், அவற்றைக் கட்டுப்படுத்தும் முறை பற்றியும் ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். எல்லாவற்றையும் வளரவிடு என்பது அதன் பொருள் அன்று. லாலானும் மிக்கானியா கொடியும் இளங்கன்றின் வளர்ச்சியைத் தடுப்பவை. அவற்றை அகற்றத்தான் வேண்டும். தீங்கு செய்வதை எடு, மண்ணைக் காப்பதை விடு என்பதே புதிய பாடம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எந்த வேலைக்காக நம் பாட்டன் பாட்டிமார் முதுகு ஒடிய உழைத்தார்களோ, அந்த வேலையில் பெரும் பகுதி தேவையற்றது; மண்ணுக்குக் கேடும் ஆனது. அவர்கள் வேலையில் குறை வைக்கவில்லை. சொன்னதைச் செய்தார்கள், செம்மையாகவே செய்தார்கள். சொன்னவர்களின் கணக்குத்தான் பிசகியது. அந்தப் பிசகு வெளிப்பட்ட ஆண்டுகளில் துரைமாரின் செலவு குறைந்தது. தொழிலாளியின் வேலையோ போய்விட்டது. மண்ணின் வரலாற்றை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போருக்குப் பிறகு நடந்த மறுநடவில் மூடுகொடி விதைப்பது வழக்கமான வேலையாக ஆயிற்று. கொடி படர்ந்த நிலத்தில் ரப்பர் கன்றுகள் விரைவில் பருத்து முன்னதாகவே பால்வெட்டுக்கு வருவதை ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைகள் காட்டின. ரப்பர் மரமும் ஆண்டுதோறும் இலையுதிர்த்துத் தன் பங்குக்குத் தரையை மூடுகிறது.

செம்பனையின் கதையிலும் இதே பாடம் திரும்ப வந்தது. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். நம் மொழிப் பெயரேதான். 1960களுக்குப் பிறகு செம்பனை பரவியபோது, பழம் எடுத்த வெறுங்குலைகளை ஆலைகளில் எரித்துச் சாம்பலாக்குவது வழக்கமாக இருந்தது. ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வெறுங்குலைதான். பின்னர் அதைக் காட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து தரையில் பரப்பத் தொடங்கினார்கள். பரப்பும்போது ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். வெட்டிய மட்டைகளையும் நிரைகளுக்கு இடையே அடுக்கி மட்க விடுகிறார்கள்.

மறுநடவில் பழைய மரங்களை எரிக்காமல், சீவித் துண்டாக்கித் தரையிலேயே மட்கவிடும் முறையைக் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. இதற்காக 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது அதற்குக் கிடைத்தது. எரித்தால் புகையாகப் போகும் பொருள், மட்கினால் மண்ணாகிறது.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 103,000 லிட்டர். இந்த நீரை எல்லாம் மட்கு பிடித்துக்கொள்ளுமா? மட்கைச் சேர்த்தால் மண் கணக்கற்ற நீரைப் பிடிக்கும் என்று சிலர் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. 2018இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக அறிஞர்கள் இருவர், உலகெங்கும் எடுக்கப்பட்ட 50,000க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மண்ணின் எடையில் கரிமம் 1 விழுக்காடு கூடினால், 100 மில்லிமீட்டர் ஆழமுள்ள மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நீர் சராசரியாக 1.16 மில்லிமீட்டர் கூடுகிறது என்று கண்டார்கள். ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,700 லிட்டர். மணல் நிலத்தில் பயன் அதிகம், களிமண்ணில் குறைவு.

103,000 எங்கே, 4,700 எங்கே என்று சோர்ந்துவிட வேண்டாம். மட்கின் பயனைப் பஞ்சுக் கணக்கால் மட்டும் அளக்கக் கூடாது என்பதே இதன் பொருள். இறுகிய வெறுந்தரையில் அந்த 103,000 லிட்டரில் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு ஓடிப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. சருகும் கொடியும் மூடிய, மண்புழு துளைத்த, கட்டி கட்டியான மண் வாயைத் திறந்து மழையை உள்ளே விடுகிறது. உள்ளே போன நீரைத்தான் மண் பிடிக்க முடியும். பானை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூடி திறந்திருந்தால்தானே நீர் நிறையும்?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நடந்து இறுகிய வெறுந்தரையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு மண் கட்டியையும், பக்கத்தில் சருகு மூடிய இடத்திலிருந்து அதே அளவில் இன்னொரு கட்டியையும் எடுத்து நன்றாகக் காய வையுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி ஒவ்வொன்றாகப் போடுங்கள். மட்கு குறைந்த கட்டி பெரும்பாலும் விரைவில் கரைந்து நீரைக் கலக்கும். மட்கு நிறைந்தது நெடுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் சொல்வதைக் கண்ணால் கண்டால் மறக்காது.

களையெடுப்பு இன்று பெரும்பாலும் மருந்தடிப்பாக மாறிவிட்டது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்த பெண்கள் பலர் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அவர்கள் அடித்த மருந்துகளுள் ஒன்றான பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. மருந்து எதுவாயினும், தரை முழுதும் அடித்துப் பச்சையே இல்லாமல் செய்தால் அது பழைய வெறுந்தரைதான், கருவிதான் வேறு. மரத்தைச் சுற்றிலும் நடைபாதையிலும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு, இடைவெளியில் தீங்கற்ற செடிகளை விட்டுவைப்பது மண்ணுக்கும் நல்லது. மருந்து சுமப்பவரின் உடலுக்கும் நல்லது.

நம் வீட்டைச் சுற்றியுள்ள காய்கறிப் பாத்திகளிலும் இதைச் செய்யலாம். கூட்டிய சருகைக் கொளுத்தாமல், கத்தரி, மிளகாய், முருங்கைச் செடிகளின் அடியில் தண்டை ஒட்டாமல் பரப்புங்கள். சமையற்கட்டின் காய்த்தோலை மட்கச் செய்து போடுங்கள். மேட்டு நிலமாயின் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். அறுவடை முடிந்த பாத்தியை வெறுமனே விடாமல் பயறு ஏதேனும் தூவி வையுங்கள். இவை செலவில்லாத வேலைகள். பலன் ஒரு மாதத்தில் தெரியாது; சில பருவங்கள் பொறுத்துப் பாருங்கள்.

நேயர்களே, மேல்மண் ஒரு விரற்கடை சேர மனித ஆயுள் போதாது. அது போவதற்குச் சில மழைக்காலங்கள் போதும். நம் முன்னோர் துடைத்த தரையில் ஓடிப்போன மண் திரும்ப வரப்போவதில்லை. இருக்கும் மண்ணின்மேல் விழும் ஒவ்வோர் இலையையும் குப்பை என்று எண்ணாமல், அடுத்த மழைக்குப் போட்ட பாய் என்று எண்ணுவோம்.